ஏழு குடும்பம், ஒரே பட்டா

ஏழு குடும்பங்கள் சேர்ந்து ஒரு தோப்பு வாங்கி அங்கேயே குடியேறலாமா என்று கேட்ட அம்பத்தூர் வாசகர் ஒருவரின் கடிதத்தைப் போன இதழில் சுருக்கிப் போட்டு, பதில் அடுத்த மாதம் என்று நிறுத்தியிருந்தேன். அதற்குள் அந்தக் கடிதத்தை ஒட்டி ஒரு கட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. அந்த ஏழு குடும்பங்களில் ஒரு வீட்டம்மாவும் தனியாக எழுதியிருக்கிறார். 'அவருக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன்' என்று மேலேயே குறிப்பு வேறு. அதனால் இந்த மாதம் மாமியார் மருமகள் பிரச்சினைகளுக்கு விடுமுறை. எல்லாக் கேள்வியும் அந்தத் தோப்பைப் பற்றியே.

நாங்கள் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்தில் பழகிய ஏழு குடும்பங்கள். ஒரே மனம், ஒரே விசுவாசம். தென்காசி மாவட்டம் கடையம் பக்கம் ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு விலைக்கு வருகிறது. சேர்ந்து வாங்கி, வீடுகள் கட்டி, நடுவில் ஒரு ஜெப வீடு, பொதுச் சமையல், பொது விவசாயம் என்று ஆதிச் சபை போல வாழ ஆசைப்படுகிறோம். பிள்ளைகளும் பட்டணத்துக் கெடுதல் இல்லாமல் வளர்வார்கள். இது நடக்குமா? எங்கிருந்து தொடங்குவது?
— வாசகர், அம்பத்தூர்

நடக்கும் தம்பி. எங்கள் பக்கத்தில் நடந்தும் இருக்கிறது. சாத்தான்குளம் பக்கம் முதலூர் என்று ஓர் ஊர். இன்றைக்கு மஸ்கோத் அல்வாவால் அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டவர்கள்தான் அதிகம். சொந்த ஊர்களில் அடிபட்டு, தொழுகைக்குப் போட்ட குடிசையையும் பறிகொடுத்து நின்ற விசுவாசிகளை, தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் 1799-ல் கூட்டிவந்து குடியேற்றிய ஊர் அது. நிலம் வாங்கப் பணம் கொடுத்து உதவியவர் பாளையங்கோட்டையில் இருந்த எவரெட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி. திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கென்று எழுந்த முதல் குடியிருப்பு அதுதான்.

அதற்குப் பிறகு ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயர் காலம். அவர் 1830-ல் தர்ம சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார். காசு பிரித்து நிலம் வாங்கி, விரட்டப்பட்டவர்களை அதில் குடிவைப்பது அதன் வேலை. கால்டுவெல் ஐயர் 1841-ல் இடையன்குடிக்கு வந்தபோது அது தேரி மணல். தெருக்களை நேர்கோட்டில் பிடித்து, கிணறு வெட்டி, மரம் வைத்து அவர் உருவாக்கிய ஊரை இன்றைக்குப் போனாலும் பார்க்கலாம். அங்கே ஆலயம் கட்டி முடிக்க மட்டும் 33 வருஷம் பிடித்தது.

இந்த ஊர்களுக்கு வந்தவர்கள் யாரும் ஒத்த மனசைத் தேடி வந்தவர்கள் இல்லை. இருந்த இடத்தில் இருக்க விடவில்லை, வந்தார்கள். குடிசை போட்டிருந்த அடிமனை பண்ணையாருடையது. 'வேதத்துக்குப் போனால் (கிறிஸ்தவனானால்) காலி பண்ணு' என்றால் எங்கே போவது? அவர்களுக்கு முதல் தேவை நிலம். பக்கத்து வீட்டுக்காரனோடு மனசு ஒத்துப்போகிறதா என்று பார்க்க அவர்களுக்கு நேரமும் இல்லை, வசதியும் இல்லை. ஊர் உருவான பிறகு கிணற்றடியில் சண்டை வந்தது, கோயில் மணியக்காரர் வேலைக்குச் சண்டை வந்தது, அசனத்தில் (கோயில் பொது விருந்தில்) யாருக்கு முதல் பந்தி என்று சண்டை வந்தது. ஊர் நின்றது.

உங்கள் கடிதம் நேர் எதிர். நாலு பக்கக் கடிதத்தில் 'ஒரே மனம்' என்பது திரும்பத் திரும்ப வருகிறது. பட்டா யார் பெயரில் என்று ஒரு வரி இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரப் பதிவுத் துறையில் குப்பை கொட்டியவளுக்கு அந்த ஒரு வரி இல்லாதது கண்ணில் குத்தத்தான் செய்யும்.

நான் சார்பதிவாளராக இருந்த ஓர் ஊரில் (பெயர் வேண்டாம்) இதேபோல நாலு விசுவாசக் குடும்பங்கள் ஒரு தோப்பு வாங்கின. கிரயம் ஒருவர் பெயரில். அவர்தான் பெரியவர் என்பதால் இல்லை. பதிவு நாளன்று லீவு கிடைத்தவர் அவர் ஒருவர்தான். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அந்தப் 'பிறகு' வருவதற்குள் அவர் மாரடைப்பில் போய்விட்டார். மற்ற மூன்று பேரும் என் அறைக்கு வந்து ஒரு நாற்பது பக்க நோட்டை மேசையில் வைத்தார்கள். முதல் பக்கத்தில் மேலே 'ஸ்தோத்திரம்' என்று எழுதி, கீழே பென்சிலில் யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கு. ஓரிடத்தில் காப்பிக் கறை. ஒரு தொகையை அடித்துத் திருத்தி, பக்கத்தில் 'சரி' என்று மட்டும் எழுதியிருந்தது. கையெழுத்து இல்லை, தேதி இல்லை. அவர்களுடைய உரிமைக்கு மொத்த ஆதாரமும் அந்தப் பக்கம்தான்.

இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-ன்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் வித்தியாசமில்லாமல். அந்தத் தோப்புக்காரரின் பிள்ளைகளில் இரண்டு பேர் வெளிநாட்டில். அவர்களுக்கு இந்த ஜெபக் கூட்டத்தின் முகமே தெரியாது. அதோடு, ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் வாங்குவதைப் பினாமிச் சட்டம் எப்படிப் பார்க்கும் என்றும் யோசித்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லை, இறந்தவரும் ஏமாற்றுக்காரர் இல்லை. எல்லாரும் நல்லவர்கள் என்பதால்தானே யாரும் எழுதிவைக்கவில்லை?

ஆதிச் சபை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போஸ்தலர் நடபடிகளில், எல்லாம் பொது என்று வரும் இரண்டாம் அதிகாரத்தோடு நிறுத்தாமல் ஐந்துக்கும் வாருங்கள். நிலம் விற்ற பணத்தில் கொஞ்சத்தை மறைத்துவைத்த அனனியாவிடம் பேதுரு கேட்டது என்ன? நிலம் உன்னுடையதுதானே, விற்ற பணமும் உன் கையில்தானே இருந்தது என்பதுதான். கொடுக்கச் சொல்லி அங்கே கட்டாயம் இல்லை. ஆறாம் அதிகாரத்தில் பந்தியில் பாகுபாடு என்று முறுமுறுப்பு. இன்னும் தள்ளிப்போனால், நிலத்தை விற்றுப் பகிர்ந்த அதே எருசலேம் சபையின் ஏழைகளுக்காகப் பவுல் மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் காணிக்கை எடுக்கிறார். மூலதனத்தையே சாப்பிட்டுவிட்டால் அடுத்த வருஷம் என்ன செய்வது என்ற கேள்வி அப்போதே இருந்திருக்கிறது.

இன்னொரு வரலாறும் சொல்கிறேன். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்று ஓர் ஊர். 1722-ல் மொராவியாவிலிருந்து (இன்றைய செக் நாட்டுப் பகுதி) தப்பி வந்த விசுவாசிகளுக்கு சின்சென்டார்ப் பிரபு தன் ஜமீனில் இடம் கொடுத்தார். ஐந்து வருஷத்துக்குள் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேச முடியாத அளவுக்குக் கட்சி கட்டிக்கொண்டார்கள். 1727 மே மாதம் அவர் உட்கார்ந்து ஊர் ஒழுங்குகளை எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். அதே வருஷம் ஆகஸ்டு 13-ம் தேதி நற்கருணை ஆராதனையில் பெரிய எழுப்புதல் (பக்தி எழுச்சி) உண்டானது. பிரசங்கங்களில் ஆகஸ்டை மட்டும்தான் சொல்வார்கள். எனக்கு மே மாதம்தான் பிடிக்கும். (அந்தச் சகோதரர்களில் சிலர் 1760-ல் நம்முடைய தரங்கம்பாடிக்கே வந்து ஒரு தோட்டம் போட்டுக் கைத்தொழில் செய்து பிழைத்தார்கள். நோயும் கடனும் துரத்த, சில பத்தாண்டுகளில் காலி செய்துகொண்டு போனார்கள்.)

ஆகவே நீங்கள் தொடங்க வேண்டியது, ஒருவர் வெளியே போவது எப்படி என்று எழுதுவதிலிருந்து. உள்ளே வருவதை அப்புறம் எழுதலாம். வேலை மாற்றலாகும், மகளுக்கு வரன் பட்டணத்தில் அமையும், ஒருவர் வேறு சபைக்குப் போவார், ஒருவர் இறப்பார். போகிறவருக்கு அவர் போட்ட பணமா, அன்றைய மதிப்பா? மதிப்பை யார் போடுவது? மீதி ஆறு பேருக்கு முதல் உரிமை உண்டா, அவர்களிடம் பணம் இல்லாவிட்டால் எத்தனை தவணை? அவர் கட்டிய வீட்டுக்கு என்ன கணக்கு? இதை ஏழு குடும்பமும் உட்கார்ந்து எழுதுங்கள். எழுதும்போதே இரண்டு குடும்பம் கழன்றுகொண்டால் வருத்தப்படாதீர்கள், தோப்புக்குப் போய்க் கழல்வதைவிட அம்பத்தூரிலேயே கழல்வது செலவு குறைவு.

என் சொந்த அபிப்பிராயம்: வீட்டுமனை அவரவர் பெயரில், கணவன் மனைவி இருவர் பெயரிலும். கிணறு, பாதை, தோப்பு, ஜெப வீடு இவை மட்டும் பொதுவில், டிரஸ்டாகவோ பதிவு பெற்ற சங்கமாகவோ. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-க்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும், உங்களுக்குச் சரியாக இருக்கிறது. மனையாகப் பிரிக்க நகர் ஊரமைப்பு அங்கீகாரம் வாங்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனையைப் பதிய மாட்டார்கள்.

அப்புறம் ஒரு கணக்கு. 25 அடி இடைவெளியில் வைத்தால் ஏக்கருக்கு 70 தென்னை. ஆறு ஏக்கர் முழுக்க மரம் என்றாலும் 420. வீடு, பாதை, கிணறு போக முந்நூறு தேறலாம். நல்ல பராமரிப்பில் மரத்துக்கு வருஷம் நூறு காய் என்று வையுங்கள். வெட்டுக்கூலி, உரம், வெள்ளை ஈ மருந்து எல்லாம் கழித்து, ஏழாகப் பங்கிட்டுப் பாருங்கள். பொது விவசாயத்தில் ஏழு குடும்பம் பிழைக்காது. யார் யார் வெளி வேலைக்குப் போவது, அந்தச் சம்பளம் பொதுவா தனியா என்று இப்போதே பேசுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காதது. ஏழு குடும்பத்துக்கும் சொந்த ஊரை அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்தப் பக்கத்துக்காரி, ஊர்ப் பெயரைப் பார்த்தாலே தெருப் பெயரும் தெரிந்துவிடும். ஏழும் ஒரே ஜனம்தானே? இது தற்செயல் என்றால் சந்தோஷம். எட்டாவதாக ஒரு குடும்பம், அதே விசுவாசம், அதே வெள்ளிக்கிழமைக் கூட்டம், ஆனால் வேறு தெரு. அவர்கள் பங்கு கேட்டால் என்ன சொல்வீர்கள்? அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்டுப் பார்த்து எனக்கு எழுதுங்கள். நம்முடைய பழைய கிறிஸ்தவ ஊர்களில் இன்றைக்கும் ஆறாத புண் இது ஒன்றுதான். கல்லறைத் தோட்டம் வரைக்கும் சாதி பார்த்த ஊர்கள் உண்டு.

பொதுச் சமையல் என்று ஆண்கள் உற்சாகமாகப் பேசுகிறார்கள். ஏழு வீட்டுக்குச் சமைக்கப்போவது யார் என்று நான் கேட்டபோது 'எல்லாரும் சேர்ந்துதான்' என்றார்கள். நான் இப்போது ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். அதை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். எனக்கு ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது.
— ஏழில் ஒரு வீட்டம்மா

வாம்மா, உன்னுடைய கடிதத்தைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

'எல்லாரும்' என்பவர் எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டி நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர் அசனத்துக்கு வந்து பார். விடிய விடிய அண்டாவைக் கிண்டுவது ஆண்கள். அரிசி களைவது, காய் வெட்டுவது, இலை போடுவது, பரிமாறுவது, கடைசியில் கிடாரம் கழுவுவது வரை ஆண்கள். பெண்கள் நல்ல சேலை கட்டிக்கொண்டு பந்தியில் உட்காருவார்கள். ஆக நம் ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாமல் இல்லை. வருஷத்துக்கு ஒரு நாள், அதுவும் ஊரே பார்க்கும்போது என்றால் நன்றாகவே சமைப்பார்கள். திங்கட்கிழமைச் சாம்பாருக்குத்தான் முறை எழுதி ஒட்ட வேண்டியிருக்கிறது.

எருசலேமில் பந்திச் சண்டை வந்தபோது அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஏழு பேரைப் பொறுப்பில் வைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. அத்தனையும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்களோ கிரேக்கர் பக்கத்து விதவைகளுக்காகப் பேசியவர்கள். குறைபட்ட பக்கத்திடமே பாத்திரத்தையும் கரண்டியையும் கொடுத்துவிட்டார்கள். நீயும் அதைக் கேள். சமையல் முறை, மளிகைக் கணக்கு, வாரத்தில் எத்தனை வேளை பொது, எத்தனை வேளை அவரவர் வீடு என்பதையெல்லாம் முடிவு செய்வது ஏழு பெண்கள். ஆண்கள் அந்த முறைப்படி வேலை செய்யட்டும்.

ஆரம்பத்தில் வாரத்துக்கு ஒரு வேளை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் பொது என்று வை. ஒவ்வொரு வீட்டிலும் தனி அடுப்பு கட்டாயம் இருக்கட்டும். குழந்தைக்குக் காய்ச்சல், கஞ்சி வைக்க வேண்டும் என்றால் பொதுச் சமையல்கட்டில் போய் நிற்க முடியுமா? ராத்திரி பதினோரு மணிக்குக் கணவன் மனைவி ஒரு காப்பி போட்டுக் குடிக்க இடமில்லாத வீடு என்ன வீடு!

வேலையை விடாதே. கடையம், ஆழ்வார்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளிக்கூடங்களுக்குப் பஞ்சமில்லை. அங்கே வேலை உறுதியான பிறகு இங்கே ராஜினாமா. கால்டுவெல் ஐயரை எல்லாரும் பேசுகிறோம். அவர் மனைவி எலைசா அம்மா இடையன்குடிப் பெண்களுக்குப் பின்னல் லேஸ் வேலை கற்றுக்கொடுத்ததை யாரும் பேசுவதில்லை. அவருடைய தாயார் மார்த்தா மால்ட் அம்மா நாகர்கோவிலில் ஏற்கெனவே தொடங்கியிருந்த வேலை அது. பனையேறிப் பிழைத்த வீடுகளில் பெண்கள் கையில் காசு புழங்கியது அந்த வேலையால். உன் பெயரில் சம்பளம், உன் பெயரும் சேர்ந்த பத்திரம். இந்த இரண்டும் இருந்தால் உன் பயம் பாதி போகும். மீதிப் பாதியை வைத்துக்கொள், அது உபயோகப்படும்.

பாட்டி, இந்தக் காலத்தில் பொதுப் பணப்பை வைத்து வாழ்கிற கிறிஸ்தவர்கள் உலகத்தில் எங்காவது உண்டா? நம்ம ஆட்கள்தான் கனவு காண்கிறார்களா?
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

உண்டு பேராண்டி. ஹட்டரைட் என்று ஒரு கூட்டம். 1528-ல் மொராவியாவில் ஊரைவிட்டுப் போகும் வழியில் ஒரு மேலங்கியை விரித்து, எல்லாரும் கையிலிருந்ததை அதில் போட்டார்கள் என்பது அவர்கள் வரலாறு. இன்றைக்குக் கனடாவிலும் அமெரிக்காவிலும் பெரிய பண்ணைகளாக இருக்கிறார்கள். நிலம், டிராக்டர், கோழிப்பண்ணை எல்லாம் காலனியின் பெயரில். ஒரு காலனியில் ஏறத்தாழ 150 பேர் ஆனதும் இரண்டாகப் பிரிவார்கள், அதற்குப் பல வருஷம் முன்பே பணம் சேர்த்துப் புது நிலம் வாங்கி வைத்திருப்பார்கள். பிரிவது அவர்களுக்குத் தோல்வி இல்லை, ஏற்பாடு.

ஆனால் வெளியே போகிறவனுக்கு ஒன்றும் கிடையாது. மானிடோபா மாகாணத்தில் ஒரு காலனியில் சிலர் வேறொரு சபையின் போதனையைப் பின்பற்றியதால் விலக்கப்பட்டார்கள். வருஷக்கணக்கில் உழைத்தோமே, எங்கள் பங்கைக் கொடுங்கள் என்று வழக்குப் போட்டார்கள். 1970-ல் கனடா உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். சேரும்போதே அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று தீர்ப்பு. சட்டப்படி சரிதான். அம்பத்தூர்த் தம்பி இதைப் படித்தால் நல்லது.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்தில் அமெரிக்கஸ் என்ற ஊர்ப் பக்கம் கொய்னோனியா பண்ணை. 1942-ல் கிளாரன்ஸ் ஜோர்டன் என்ற பாப்டிஸ்ட் போதகரும் நண்பர்களும் தொடங்கினார்கள். அவர் விவசாயப் பட்டதாரி, கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் டாக்டர் பட்டம் வாங்கியவர். வெள்ளையரும் கறுப்பரும் அங்கே ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அந்தக் காலத்து ஜார்ஜியாவில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. 1950-களில் துப்பாக்கிச் சூடு, ரோட்டோரக் கடைக்கு வெடிகுண்டு, பிறகு ஊர்விலக்கு. உரம் விற்க மாட்டார்கள், இன்ஷூரன்ஸ் கொடுக்க மாட்டார்கள், விளைந்ததை வாங்க மாட்டார்கள். என்ன செய்தார்கள்? பீக்கன் பருப்பைப் பொட்டலம் கட்டித் தபாலில் வெளி மாகாணங்களுக்கு விற்றுப் பிழைத்தார்கள். 1968-ல் பொதுப் பணப்பையை விட்டுவிட்டு, அக்கம்பக்கத்து ஏழைகளுக்கு வட்டியில்லாமல் வீடு கட்டிக்கொடுக்கும் வேலையில் இறங்கினார்கள். 1976-ல் தொடங்கிய ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி என்ற வீடு கட்டும் அமைப்பு அதிலிருந்து முளைத்ததுதான். பணப்பையைக் கைவிட்டார்கள், மேசையைக் கைவிடவில்லை. பண்ணை இன்னும் இருக்கிறது.

ஊருக்குப் பெயர் வைக்க உதவுவீர்களா?
— அதே அம்பத்தூர்க் கூட்டத்தில் ஓர் இளைஞர்

பத்திரமே பதியவில்லை, பெயர்ப்பலகைக்கு அவசரமா! நாசரேத், பிரகாசபுரம், சுவிசேஷபுரம், மெய்ஞ்ஞானபுரம், கடாட்சபுரம், கிறிஸ்தியாநகரம் எல்லாம் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. காசு கொடுத்தவர் பெயர் வைப்பதும் பழைய வழக்கம்தான். டோனா என்ற ஜெர்மானியப் பிரபு பணம் அனுப்பியதால்தான் புலியூர்க்குறிச்சி டோனாவூர் ஆனது. யாராவது பிரபு கிடைக்கிறாரா பாருங்கள்.

எனக்கு 67 வயது. கணவர் இல்லை. பிள்ளைகள் இருவரும் மெல்பர்னில். போன இதழில் அந்தக் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு அங்கேயே இருக்கிறது. என் வீட்டை அவர்கள் பொதுக் காரியத்துக்கே எழுதிக் கொடுத்துவிடத் தயார். என்னைச் சேர்ப்பார்களா?
— வாசகி, நாகர்கோவில்

தங்கச்சி, சேர்ப்பார்களா என்று அவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன். சேர்க்காவிட்டால் அது என்ன ஆதிச் சபை? பழைய சபைகளில் விதவைகளுக்கென்று தனிச் சங்கமே இருந்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துக் கோயிலுக்குக் கொடுக்கும் வழக்கம் உங்கள் அம்மா வீட்டிலும் இருந்திருக்கும். அந்த ஏழு வீட்டிலும் வேலைக்குப் போகிற தாய்மார்கள் உண்டு. பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு ஒரு ஆச்சி இருப்பது அவர்களுக்குத்தான் லாபம்.

ஆனால் வீட்டை எழுதிக் கொடுக்காதீர்கள். இப்போது வேண்டவே வேண்டாம். வாடகைக்கு விடுங்கள். அந்த வாடகையில் அங்கே ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்கள். கரடி வருமா, பாம்பு வருமா, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் எத்தனை மணி நேரம், பேச்சுத்துணை உண்டா எல்லாம் அதில் தெரிந்துவிடும். தானப் பத்திரம் பதிந்துவிட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வழி இருக்கிறது, ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனைக்குட்பட்டுக் கொடுத்ததாக இருந்தால்தான் அது கைகொடுக்கும்.

பிற்காலத்தில் பொதுக் காரியத்துக்குப் போக வேண்டும் என்றால் உயில் எழுதுங்கள். முன்பெல்லாம் நெருங்கிய உறவுள்ள கிறிஸ்தவர்கள் தர்மத்துக்கு உயில் எழுத ஏகப்பட்ட கெடுபிடி. இறப்பதற்கு ஒரு வருஷம் முன்பே எழுதியிருக்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் உரிய இடத்தில் ஒப்படைக்க வேண்டும். நமக்கு மட்டும் இருந்த அந்தப் பிரிவை 2003-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. உயிலை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டு எழுதுங்கள். மெல்பர்னிலிருந்து கோபமாக ஒரு போன் வரும், வரட்டும்.

நிலம் வாங்குமுன் கட்டாயம் பார்க்க வேண்டியவை என்ன? நாங்களும் வேறொரு மாவட்டத்தில் இதேபோல ஐந்து குடும்பம் யோசிக்கிறோம்.
— வாசகர், ஓசூர்

வில்லங்கச் சான்றை 13 வருஷத்துக்குப் போட்டுவிட்டுத் திருப்திப்படாதீர்கள், குறைந்தது 30 வருஷம். தாய்ப்பத்திரம், பட்டா, சிட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புல வரைபடம் எல்லாவற்றிலும் சர்வே எண்ணும் அளவும் ஒத்துப்போக வேண்டும். பாதை உங்கள் நிலத்துக்கா, பக்கத்துக்காரர் தயவா என்று நேரில் நடந்து பாருங்கள். அ-பதிவேட்டில் பழைய பஞ்சமி நிலம் என்று தெரிந்தால், எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். 1892 உத்தரவின்படி தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கொடுத்த நிலம் அது. மற்றவர் வாங்கினால் செல்லாது. செல்லாது என்பது இருக்கட்டும், அந்த மண்ணில் ஜெப வீடு கட்டி என்ன ஜெபம் செய்வது?

ஜெப வீடு கட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், சொந்த நிலம்தானே என்று சுவரை எழுப்பிவிட்டு நிற்காதீர்கள். கல்லறைத் தோட்டமும் அப்படித்தான், பஞ்சாயத்து உரிமம் இல்லாமல் தோப்பு மூலையில் அடக்கம் செய்ய முடியாது. பக்கத்து ஊர்ச் சபையிலும் பஞ்சாயத்துத் தலைவரிடமும் வாங்குவதற்கு முன்பே போய்ப் பேசுங்கள், ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் அவர்களோடுதான் நிற்கப்போகிறீர்கள். பிள்ளைகளுக்குத் தோப்புக்குள் தனிப் பள்ளி என்ற எண்ணம் இருந்தால் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கே அனுப்புங்கள்.

தோப்புக் கிணற்றில் விவசாய இலவச மின் இணைப்பு இருந்தால், அது யார் பெயரில் என்று பார்த்து, கிரயத்தோடு அதையும் மாற்ற எழுதி வாங்குங்கள். அந்த இணைப்பில் வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றக் கூடாது, பிடித்தால் அபராதம். வீடுகளுக்குத் தனி இணைப்பு, தனி மீட்டர். மோட்டார் போடுவது யார், எத்தனை மணிக்கு என்பதையும் அந்த ஒழுங்குப் பத்திரத்தில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.